தூளியில் தூங்கிய பார்லி

புதுச்சேரியில், சாராயக்கடைக்கும் சர்ச்சுக்கும் சரிபாதி தூரத்தில் இருக்கிற வெல்லக்காரச் சந்தில், ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை நான்கரைக் கிலோ பார்லி தூளியில் தூங்கிப்போனது. ஒன்பது நாள் தூங்கியது. அந்த ஒன்பது நாளும் சந்தில் யாரும் உரக்கப் பேசவில்லை, யாரும் குக்கரில் விசில் வரவிடவில்லை, பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கியை முனையிலேயே அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் அங்கே போய் விசாரித்தால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். பார்லி எப்படித் தூங்கும் என்று கேட்கிறவரை மட்டும் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

தூங்க வைத்தவர் என்று பார்த்தால் தயாளனைத்தான் சொல்ல வேண்டும். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ஊரார் வீட்டு பீரையெல்லாம் குளிர வைத்துக் கொடுத்தவருக்கு, ஒருநாள் செல்போனில் ஒரு காணொலியைப் பார்த்ததும் தன் கையால் ஒரு அண்டா பீர் காய்ச்சிப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பெரிய ஆலை வேண்டாம், குழாய் வேண்டாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பையைத் தூக்கி வடியவிட்டால் அண்டாவில் இனிப்பான கஷாயம் நிற்கும். அதை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடினால் மற்றதை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். இதைத் தயாளன் சொன்னபோது அவர் மனைவி பிரேமாவதி தையல் மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"காப்பி வடிகட்டத் தெரியாது. பீர் வடிகட்டப் போறாராம்" என்றாள்.

ஆனாலும் பையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், வெந்நீர் தாங்க வேண்டும், நீளமாகவும் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளை வாயில் புடவையை எடுத்துவந்தாள். அவர்கள் மகள் யாழினி பிறந்தபோது தூளி கட்டுவதற்கென்று பிரேமாவதியின் அண்ணன் கலியபெருமாள் பாகூரிலிருந்து எடுத்துவந்த புடவை அது. யாழினி இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து கல்லூரிக்குப் போகிறாள். கலியபெருமாள் இந்த வீட்டுப் படி ஏறிப் பதினெட்டு வருடம் ஆகிறது.

"இதுவா?" என்றார் தயாளன்.

"வெந்நீர்ல போட்டு அவிச்சு எடுங்க. பொட்டிக்குள்ள கெடந்து இன்னா ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். பேச்சு வெடுக்கென்று இருந்தது. ஆனால் அடிப்பக்கத்தில் மட்டும் இரட்டைத் தையல் போட்டு, மேல்பக்கத் துணியை வெட்ட மனம் வராமல் அப்படியே நீளமாக விட்டுவிட்டாள்.

தப்பு நடந்தது மாவு மில்லில். சம்பூரணத்தின் மில்லில் இருபத்திரண்டு வருடமாக அரிசி, கேழ்வரகு, மல்லி, மிளகாய் என்று எது போனாலும் பட்டுப் போலத்தான் திரும்பி வரும். தயாளன் பார்லியைக் கொடுத்து, "ஒடச்சா போதும், அரைக்கக் கூடாது" என்று மூன்று முறை சொன்னார். சம்பூரணமும் மூன்று முறை தலையாட்டினாள். அவர் டீ குடிக்கப் போனதும், இப்படிக் கொரகொரவென்று கொடுத்தனுப்பினால் நாளைக்குச் சந்தில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று மனசு கேட்காமல், இரண்டு ஓட்டு ஓட்டி நைசாக அரைத்து, சல்லடையில் சலித்தும் வைத்துவிட்டாள். தூக்கைத் திறந்து பார்த்த தயாளன் அழாத குறை. "உங்களுக்காவத்தான் ரெண்டு வாட்டி வுட்டேன்" என்றாள் அவள், நன்றியை எதிர்பார்த்து.

வேறு பார்லி இல்லாததால் அந்த மாவையே பையில் போட்டார். பிரியாணி அண்டாவில் தண்ணீரைச் சூடாக்கி, தெர்மாமீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பார்த்து, சரியாக அறுபத்தாறில் பையை இறக்கி, ஜமுக்காளம் சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கினார். பிடிக்க ஆள் இல்லை, தொங்கவிட இடமும் இல்லை. கூடத்து உத்தரத்தில் யாழினிக்குத் தூளி கட்டிய இரும்புக் கொக்கி அப்படியே இருந்தது. நீளமாக விட்டிருந்த புடவையை அதில் முடிச்சுப் போட்டு, கீழே அண்டாவை நகர்த்தி வைத்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. நைசான மாவு நெசவின் கண்ணையெல்லாம் அடைத்துக்கொண்டு, பாதிக் கஷாயத்தையும் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டது. கூடத்தின் நடுவில், உருண்டையாக, கனமாக, வெதுவெதுப்பாக ஒரு தூளி தொங்கியது.

அப்போதுதான் அஞ்சுகம் பூ கொடுக்க வந்தாள். சந்து முழுக்க முழம் போடுகிறவள், அந்த வீட்டுக்கு மட்டும் உள்ளே வந்து கொடுப்பாள். அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த கசப்புப் பூ பொட்டலத்தைப் பிரித்து, "பூவைப் புடிச்சு மாத்திரையா உருட்டி வெச்சிருக்கானுங்களே, இதைத் தலையில வெக்கிறதா முழுங்கறதா?" என்று பிரேமாவதியிடம் கேட்டுக்கொண்டே, தொங்குகிற தூளியைக் கண்ட எந்தக் கையும் செய்வதைத்தான் அவள் கையும் செய்தது. ஆட்டியது. பேச்சு பூவிலிருந்து பருப்பு விலைக்கும், பருப்பிலிருந்து மருமகளுக்கும் போனது, கை ஆட்டிக்கொண்டே இருந்தது, நடுநடுவே வாய் தானாக 'ராராரோ' என்று இழுத்தது. கால் மணி நேரம் கழித்து அவள் பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். தூளி மெல்ல உப்பியது, மெல்லத் தணிந்தது, மறுபடி உப்பியது.

"தூங்கிடுச்சு" என்றாள் அஞ்சுகம், குரலைத் தாழ்த்தி. பிரேமாவதி எழுந்துபோய் மின்விசிறியை இரண்டாம் நம்பருக்குக் குறைத்தாள்.

சாயங்காலம் தயாளன் முடிச்சை அவிழ்த்து இறக்கப் பார்த்தார். பை வீறிட்டு அழுதது. பச்சைப் பிள்ளை அழுகைதான், சந்தேகமே இல்லை. நான்கு வீடு தள்ளிப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்திக்குப் பால் பொங்கிச் சுரந்தது என்று பிறகு சொன்னார்கள். ஆளுக்கு ஆள் ஓடிவந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற தகப்பனும் உண்டா என்று தயாளனைத் திட்டினார்கள். அவர் மடியில் வைத்துப் பார்த்தார், அழுதது. அஞ்சுகம் மடியில் வைத்தாள், இன்னும் அழுதது. மறுபடி கொக்கியில் கட்டி ஆட்டியதும் ஒரு விக்கல் விட்டு அடங்கியது.

பிறகு சந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போவதுபோல் வெறுங்கையோடு யாரும் வரவில்லை. சம்பூரணம் குற்றவுணர்ச்சியோடு கிரைப் வாட்டர் வாங்கிவந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்ததால் 'சொல்தா' என்று எல்லோரும் கூப்பிடுகிற அருளப்பன், தன் பங்குக்கு ஒரு கிலுகிலுப்பை கொடுத்தார். யாரோ கண்ணேறு படாமல் இருக்கப் பையின் இடது பக்கம் மையால் ஒரு பொட்டு வைத்தார்கள். அங்கன்வாடி டீச்சர் எடை பார்க்கும் தராசோடு வந்து, அழுகையோடு அழுகையாகத் தூளியை அதில் தொங்கவிட்டு, பதிமூன்று கிலோ, வயதுக்கு மிக அதிகம், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்றாள். யார் ஜாடை என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து வரவில்லை. அடிவயிறு தயாளன்தான் என்று ஒரு கட்சி சொன்னது, பிடிவாதம் பிரேமாவதி என்று மறு கட்சி சொன்னது. ஆட்டுவதற்கு முறை போட்டார்கள். பகலில் பிரேமாவதி தையல் மெஷினைக் கையால் சுற்றிக்கொண்டு காலால் தூளிக் கயிற்றை இழுப்பாள். யாழினிக்கும் அப்படித்தான் இழுத்தாள்.

கீழே அண்டாவில் இருந்த கஷாயமும் ஆறவில்லை, புளிக்கவில்லை. அடுப்பு இல்லாமல், ஜமுக்காளம் இல்லாமல், நாளுக்கு நாலு முறை தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தாலும் அதே அறுபத்தாறு டிகிரி. தயாளன் தன் தொழில் வாழ்க்கையில் சூடு இப்படிச் சொன்னபடி கேட்டு நின்றதைப் பார்த்ததே இல்லை. அந்த ஆச்சரியத்தில் ஈஸ்ட் பொட்டலத்தை மறதியாக அண்டா மூடிமேல் வைத்துவிட, அது சூட்டில் செத்துப்போனது. ஊரில் உள்ளதையெல்லாம் குளிரில் வைக்கச் சொல்கிற மனுஷர் அதை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கவில்லை.

ஏழாம் நாள் கொக்கியில் முதல் இழை அறுந்தது. 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம். பழைய வாயில் துணி, பதினெட்டு வருடம் பெட்டியில் மடிந்தே கிடந்தது, பதிமூன்று கிலோவை எத்தனை நாள் தாங்கும்? வேறு புடவை மாற்றப் பார்த்தார்கள், அழுது ஆர்ப்பாட்டம் செய்தது. கீழே மெத்தை போடலாம் என்று தயாளன் சொன்னார். "பெத்த புள்ளைய விழவுட்டு மெத்தையில புடிப்பியா?" என்று அஞ்சுகம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். ஒன்பதாம் நாள் காலை சொல்தா நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு முடிச்சை ஆராய்ந்து, இன்று சாயங்காலத்தைத் தாண்டாது என்றார்.

"தாய்மாமன் மடி கேக்குதும்மா அது" என்றாள் அஞ்சுகம். "காது குத்தாம எறங்காது. மாமன் கொண்டாந்த தூளி, மாமன்தான் எறக்கணும். பாகூருக்கு ஆள் அனுப்பு."

"நான் கூப்புட மாட்டேன்" என்றாள் பிரேமாவதி.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் யாழினிக்குக் காது குத்தியது எல்லோருக்கும் தெரியும். பாகூரில் பேக்கரி வைத்திருக்கிற கலியபெருமாள் சீர்த்தட்டோடு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. பத்தர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் போகுது, நேரம் போகுது என்றார். கடைசியில் தயாளனின் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். கால் மணி கழித்து, பஸ் கோளாறாகி நின்ற இடத்திலிருந்து தட்டைத் தலையில் சுமந்து நடந்தே வந்த கலியபெருமாள், வாசலில் நின்று பார்த்தபோது யாழினி அழுது முடித்து லட்டு தின்றுகொண்டிருந்தாள். அவர் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு யாழினி பெரியவளானபோது குடிசை கட்டவும் மாமன் வரவில்லை. தயாளனின் அம்மாதான் அவசரப்பட்டுக் குத்தச் சொன்னது என்று சந்தில் பேச்சு. அந்த அம்மாள் செத்துப் பத்து வருடம் ஆகிறது.

'டிக்' என்று இன்னொரு இழை போனது. பிரேமாவதி கயிற்றை அஞ்சுகம் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பாகூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கலியபெருமாள் பேக்கரிக்குப் பின்கட்டில் மைதா பிசைந்துகொண்டிருந்தார். அறுபது வயது, கை மட்டும் இருபதில் இருந்தது. அவளைப் பார்த்தார், மாவைப் பார்த்தார்.

"ரொட்டி தீந்துபோச்சு. பன்னுதான் கீது" என்றார்.

"அண்ணே. தூளியில ஒன்னு கெடக்குது. எறங்க மாட்டேங்குது."

"இன்னா கொழந்தை?"

"பார்லி."

"எத்தினி நாளா?"

"ஒம்போது."

"ஈஸ்ட் போட்டாச்சா?"

"அது செத்துப்போச்சு. அவரு மூடி மேல வெச்சுட்டாரு."

கலியபெருமாள் ரொட்டிக்காரர் தோரணையில் உச்சுக்கொட்டினார். "எந்தத் துணி?" என்றார்.

"நீ எடுத்தாந்த பொடவதான்."

மாவில் இருந்த கை நின்றது. பிரேமாவதி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. "அண்ணே, அன்னிக்குக் குத்துங்கன்னு சொன்னது என் மாமியா இல்ல. பத்தரு நேரம் போவுதுன்னாரு, எல்லாரும் என் மொகத்தைப் பார்த்தாங்க, நான்தான் தலையாட்டுனேன். பதினெட்டு வருசமா அந்தம்மா மேல பழி கெடக்குது, நான் சும்மா கெடந்தேன். நீ வரலன்னாலும் பரவால்ல. இத என் வாயால உன்கிட்ட சொல்லணும்."

அவர் மாவைப் புரட்டிப் போட்டார். மறுபடி பிசைந்தார். "சாயங்காலத்துக்குப் பன்னு போடணும். அடுப்பு எரியுது" என்றார். பிரேமாவதி கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். சொல்லிவிட்டது ஒரு பக்கம் லேசாக இருந்தது, அவர் வரமாட்டார் என்பது ஒரு பக்கம் தாங்க முடியாமல் இருந்தது.

பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றது. வேறு பஸ் பிடித்தாள், அது ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இதற்கிடையில் நாலு மணிக்கு வெல்லக்காரச் சந்துக்குள் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. முன்னால் ஒரு பெரிய தாம்பாளம் மஞ்சள் துணி போட்டுக் கட்டியிருந்தது. இறங்கியவர் முழங்கை வரை மாவு. அடுப்பை அணைத்துவிட்டு, கையைக் கழுவாமல் வந்திருந்தார்.

"வாங்க மச்சான்" என்றார் தயாளன். பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத வார்த்தை.

"பிரேமா எங்க?"

"இன்னும் வரல."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மணையை எடுத்துப் போட்டார்கள். இழைகள் 'டிக் டிக்' என்று போய்க்கொண்டிருந்தன, முடிச்சில் நாலு விரல் அகலம்தான் மிச்சம். "ஒக்காருங்கண்ணே, சீக்கிரம் மடியில வாங்கிக்குங்க, நேரம் போவுது" என்றாள் அஞ்சுகம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

"அவ வரட்டும்" என்றார் கலியபெருமாள்.

அவர் உட்காரவில்லை. தூளிக்குக் கீழே போய் நின்று, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பதிமூன்று கிலோவையும் தாங்கிக்கொண்டார். பை அழவில்லை. மாவுக் கையில் ஒரு முறை முனகியது, மறுபடி தூங்கியது. கால் மணி ஆனது. அரை மணி ஆனது. கொக்கியில் கடைசி இழையும் அறுந்து, புடவைத் தலைப்பு அவர் தோளில் விழுந்தது. இப்போது முழுப் பாரமும் அவர் கையில். "மச்சான், கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்" என்று தயாளன் கிட்டே போனார். "நீ போயி பஸ்ஸப் பாரு மாப்ள" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரேமாவதி சந்து முனையில் டி.வி.எஸ்.ஸைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தாள். வாசலில் ஒரு செருப்பு, கூடத்தில் ஒரு செருப்பு என்று உதறிவிட்டு வந்து நின்றாள். கையில் தூளியோடு நிற்கிற அண்ணனைப் பார்த்தாள், பக்கத்தில் காலியாகக் கிடக்கிற மணையைப் பார்த்தாள்.

"ஏண்ணே ஒக்காரல? நேரம்…"

"நீ இல்லாம எப்டி?" என்றார் கலியபெருமாள்.

அவள் அங்கேயே உடைந்து அழுதாள், பாகூர் ரோட்டில் அழுதது போதாது என்று. அஞ்சுகமும் அழுதாள். சம்பூரணம், எல்லாம் தன் மில்லால் வந்தது என்று அழுதாள். சொல்தா கண்ணாடியைத் துடைத்தார். தயாளன்தான் சுதாரித்து மணையை இரண்டு செங்கல்மேல் ஏற்றி வைத்து, முன்னால் அண்டாவை நகர்த்தினார். கலியபெருமாள் உட்கார்ந்தார், பை அவர் மடியில் உட்கார்ந்தது. பையின் கீழ் மூலை இரண்டும் காது மாதிரி புடைத்துக்கொண்டு நின்றன. பத்தரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பிரேமாவதி தன் ரவிக்கையில் குத்தியிருந்த தையல் ஊசியை எடுத்து, அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். வலது மூலையில் ஒரு குத்து, இடது மூலையில் ஒரு குத்து.

பை ஒரே ஒரு முறை 'ங்ஙா' என்றது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டு காதிலிருந்தும் தேன் நிறத்தில் கஷாயம் நூலாக இறங்கி, கலியபெருமாள் வேட்டியில் ஒரு தடவை வடிகட்டிக்கொண்டு, அண்டாவில் கொட்டியது. கொதிக்கவைக்கத்தானே போகிறோம் என்று தயாளன் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். வடிந்து முடிந்தபோது மடியில் ஈரச் சக்கைதான் இருந்தது. மறுநாள் அதைப் பால்காரர் மாட்டுக்கு வைத்தார், மாடு இரண்டு நாள் நின்றபடியே தூங்கியது.

தாம்பாளத்தின் மஞ்சள் துணியைப் பிரித்தார்கள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் ஈரத்துணி சுற்றிய ஒரு சின்னக் கட்டி.

"பார்லிக்குக் கம்மல் எதுக்கு? ஈஸ்ட் கொண்டாந்தேன்" என்றார் தாய்மாமன்.

பீர் தயாராக மூன்று வாரம் ஆனது. திறக்கிற நாள் ஒரு ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி என்று சந்துக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். தயாளன் பாட்டில்களை நாலு டிகிரியில் வைத்திருந்தார், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஐந்து அடித்ததும் எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினார். ரொட்டி வாசனையோடு நுரை விளிம்புக்கு மேல் எழும்பி நின்றது. கலியபெருமாள் வந்து சேரவில்லை. பேக்கரியில் கூட்டமாம், கிளம்பிவிட்டாராம்.

டம்ளர் எல்லோர் கையிலும் இருந்தது. யாரும் வாயில் வைக்கவில்லை. நுரை மெல்ல மெல்ல அடங்கியது, டம்ளரின் வெளிப்பக்கத்தில் பூத்த வியர்வை காய்ந்தது, குமிழ்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தன் முதல் பீர் கண்ணெதிரே வெந்நீராகிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தயாளன் எச்சில் விழுங்கினார். ஐந்தே முக்காலுக்கு டி.வி.எஸ். சத்தம் கேட்டது.

கலியபெருமாள் உள்ளே வந்து, நுரையில்லாத டம்ளர்களைச் சுற்றிலும் பார்த்தார். "அஞ்சு மணின்னீங்க. ஏன் இன்னும் யாரும் குடிக்கல?"

பிரேமாவதி தன் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பதாண்ணே நேரம் வந்துச்சு" என்றாள்.